ஒரு செமஸ்டர் வெளியே போய் வரட்டுமே

"அப்பா, யூனியில ஒரு எக்ஸ்சேஞ்ச் புரோகிராம் வந்திருக்கு. ஒரு செமஸ்டர் வெளிநாட்டுல படிக்கலாமாம். பேர் கொடுக்கட்டா?"

இப்படி ஒரு கேள்வி வீட்டுக் கூடத்தில் எழுந்தால், நம் பெற்றோரில் பலருக்குக் கண்ணில் முதலில் தெரிவது விமானம் அல்ல, வங்கிக் கடன் பாரம்தான். "அதெல்லாம் பணக்காரப் பிள்ளைங்களுக்கும்மா. நீ இங்க ஒழுங்கா முடிச்சா போதும்" என்பார் அப்பா. "தனியா எப்படி இருப்பே?" என்று அம்மா கேட்பார். அதற்கு மேல் பேச்சு வளராது. விண்ணப்பத் தேதி முடிந்துபோகும். அந்த இடத்தில் வேறு யார் வீட்டுப் பிள்ளையோ போய் வரும்.

பெற்றோரைக் குறை சொல்லவும் முடியாது. வெளிநாட்டுப் படிப்பு என்றாலே நமக்குப் பழக்கமான கதை வேறு. மருத்துவம் படிக்க ரஷ்யாவுக்கும் உக்ரேனுக்கும் இந்தோனேசியாவுக்கும் பிள்ளைகளை அனுப்பிவிட்டு, நகையை அடகு வைத்த குடும்பங்களை நமக்குத் தெரியும். சேமநிதிப் பணத்தை எடுத்துக் கட்டியவர்களையும் தெரியும். இரண்டு வருடம் இங்கே, ஒரு வருடம் இங்கிலாந்தில் என்ற தனியார் கல்லூரிப் பட்டப்படிப்புகளின் கட்டணமும் நமக்குப் புதிதல்ல. அதனால் 'வெளிநாடு' என்ற சொல்லோடு 'கடன்' என்ற சொல்லும் ஒட்டிக்கொண்டே வருகிறது.

மாணவர் பரிமாற்றத் திட்டம் அந்தக் கதை இல்லை. அதில் எதற்குப் பணம் கட்ட வேண்டாம், எதற்குக் கட்ட வேண்டும், எங்கே சறுக்கும், யாரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதை இந்த வாரம் உட்கார்ந்து பேசிவிடுவோம். முடிவு உங்களுடையது. ஆனால் விவரம் தெரிந்து 'வேண்டாம்' சொல்வது வேறு, தெரியாமலே சொல்வது வேறு.

கட்டணம் எங்கே போகிறது?

பரிமாற்றம் என்ற சொல்லிலேயே விஷயம் இருக்கிறது. இரண்டு பல்கலைக்கழகங்கள் ஒப்பந்தம் செய்துகொள்கின்றன. இங்கிருந்து ஒரு மாணவர் அங்கே போவார், அங்கிருந்து ஒருவர் இங்கே வருவார். அவரவர் தம் சொந்தப் பல்கலைக்கழகத்துக்கே கட்டணம் கட்டுவார்கள். போன இடத்தில் தனியாகக் கல்விக் கட்டணம் கிடையாது. மலாயாப் பல்கலைக்கழகத்திலோ புத்ரா பல்கலைக்கழகத்திலோ படிக்கும் பிள்ளை, அரசாங்க மானியத்தோடு இங்கே கட்டும் அதே கட்டணத்தில் அந்த ஒரு செமஸ்டரை அங்கே படித்துவிட்டு வருகிறது.

விமான டிக்கெட், விசா, காப்புறுதி, தங்குமிடம், சாப்பாடு ஆகியவை மாணவர் செலவு. அதற்கு உதவித்தொகை கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். அதைப் பிறகு பார்ப்போம்.

இதே மாதிரி தோற்றமளிக்கும் வேறு இரண்டு உண்டு. அவற்றைப் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். ஒன்று, 'ஸ்டடி அப்ரோட்' என்ற பெயரில் வருவது. அதிலும் ஒரு செமஸ்டர் போய்ப் படிக்கலாம், ஆனால் அங்குள்ள பல்கலைக்கழகத்துக்கு முழுக் கல்விக் கட்டணம் கட்ட வேண்டும். மற்றொன்று, ஒரு வாரம், பத்து நாள் போய்வரும் குறுகிய கால 'மொபிலிட்டி' பயணம். அது நல்ல அனுபவம்தான், ஆனால் படிப்பு என்பதைவிடச் சுற்றுலா என்பதே பொருந்தும். ஆகவே பிள்ளை கொண்டுவரும் விளம்பரத்தில் முதலில் தேட வேண்டிய வரி ஒன்றுதான்: அங்கே கல்விக் கட்டணம் விலக்கா, இல்லையா?

படித்தது எண்ணப்பட வேண்டும்

பணத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்ல ஓர் இத்தாலியப் பெண்ணின் கதை உதவும்.

சோபியா கொராடி ரோம் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்துக்கொண்டிருந்தவர். ஃபுல்பிரைட் உபகாரச் சம்பளம் கிடைத்து, அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போய், ஒப்பீட்டுச் சட்டத்தில் முதுகலைப் பட்டமே வாங்கிக்கொண்டு 1958-இல் ஊர் திரும்பினார். அந்தப் படிப்பைத் தம் பட்டத்தோடு சேர்த்துக்கொள்ளும்படி கேட்டபோது, ரோம் பல்கலைக்கழகம் முடியாது என்றது. அவமானப்படுத்தும் விதமாகவே பேசி அனுப்பினார்கள்.

கொராடி அதை அப்படியே விட்டுவிடவில்லை. இன்னொரு பல்கலைக்கழகத்தில் படித்தது சொந்தப் பல்கலைக்கழகத்திலும் எண்ணப்பட வேண்டும் என்று பல்லாண்டுகள் வாதாடினார். அந்த எண்ணம் வளர்ந்து, 1987-இல் ஐரோப்பாவில் எராஸ்மஸ் திட்டமாக உருவெடுத்தது. முதல் ஆண்டில் 11 நாடுகளைச் சேர்ந்த 3,244 மாணவர்கள் போனார்கள். இன்றைக்கு அந்தத் திட்டத்தின் வழியே போய்வந்தவர்களின் எண்ணிக்கை ஒரு கோடியைத் தாண்டிவிட்டது. கொராடியை 'எராஸ்மஸ் அம்மா' என்றே அங்கே அழைத்தார்கள்.

நம் வட்டாரத்திலும் இதைப் பார்த்து ஒன்று தொடங்கினார்கள். 2010-இல் மலேசியா, இந்தோனேசியா, தாய்லாந்து ஆகிய மூன்று நாடுகளும் சேர்ந்து, தென்கிழக்காசியக் கல்வி அமைச்சர்கள் அமைப்பின் உயர்கல்வி மையத்தின் வழி முன்னோடித் திட்டம் ஒன்றை ஆரம்பித்தன. பிறகு அது 'எய்ம்ஸ்' என்ற பெயரில் விரிந்தது. வியட்நாம், பிலிப்பீன்ஸ், புருணை, ஜப்பான், தென்கொரியா ஆகிய நாடுகளும் சேர்ந்தன. சுற்றுலாத் துறை, விவசாயம், உணவு அறிவியல், அனைத்துலக வணிகம், பொறியியல் என்று குறிப்பிட்ட துறைகளில் மாணவர்கள் ஒரு செமஸ்டர் இடம் மாறிப் படிக்கிறார்கள். எராஸ்மஸாக இருந்தாலும் எய்ம்ஸாக இருந்தாலும் அடிப்படை ஒன்றே: போன இடத்தில் படித்த பாடம் இங்கே கணக்கில் சேர வேண்டும்.

சேராவிட்டால் என்ன ஆகும்? பிள்ளை ஐந்து மாதம் போய்ப் படித்துவிட்டு வந்து, அதே பாடங்களை மறுபடியும் இங்கே படிக்க வேண்டியிருக்கும். பட்டம் ஒரு செமஸ்டர் தள்ளிப் போகும். அந்த ஆறு மாதச் சம்பளத்தை எதிர்பார்த்திருக்கும் குடும்பத்துக்கு அது சின்ன விஷயமில்லை. பி.டி.பி.டி.என். கடனில் படிக்கும் பிள்ளைக்கு இன்னொரு கவலையும் உண்டு. முதல் தரத்தில் தேறினால் கடனைத் திருப்பிக் கட்டுவதிலிருந்து விலக்குப் பெறும் வாய்ப்பு இருக்கிறது. அதற்கு நிபந்தனைகளும் இருக்கின்றன. படிப்பு நீண்டால் அந்த வாய்ப்பு என்ன ஆகும் என்பதைப் போவதற்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அப்பா கேட்கும் "படிப்பு தள்ளிப் போகுமா?" என்ற கேள்வி அதனால்தான் மிகச் சரியான கேள்வி. அதற்குப் பதில் பிள்ளையின் கையில் இருக்க வேண்டும், எழுத்தில்.

ஒரு சின்னக் கணக்கு

மலேசியாவில் ஒரு கிரெடிட் என்பது மாணவர் செலவிடும் 40 மணி நேர உழைப்பு. வகுப்பு, பயிற்சி, சொந்தமாகப் படிப்பது, தேர்வு எல்லாம் அதில் அடக்கம். மூன்று கிரெடிட் பாடம் என்றால் 120 மணி நேரம்.

ஐரோப்பாவில் கணக்கு வேறு. அங்கே ஒரு கிரெடிட் 25 முதல் 30 மணி நேரம்தான். ஓராண்டுக்கு 60, ஒரு செமஸ்டருக்கு 30 கிரெடிட். ஆகவே நம் மூன்று கிரெடிட் பாடத்துக்கு ஈடாக அங்கே நான்கு அல்லது ஐந்து கிரெடிட் பாடம் ஒன்றை எடுக்க வேண்டும். மூன்றுக்கு மூன்று என்று நினைத்துப் பதிந்துகொண்டால், திரும்பி வந்ததும் 'நேரம் போதவில்லை' என்று பாடம் தள்ளுபடியாகலாம். அதேபோல இங்கே 15 கிரெடிட் தேவைப்படும் பிள்ளைக்கு அங்கே ஏறக்குறைய 20 முதல் 24 கிரெடிட் போதும். ஐரோப்பிய மாணவர் எடுக்கிறாரே என்று முப்பதையும் தலையில் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஒவ்வொரு பல்கலைக்கழகமும் மாற்றத்துக்கென்று தனக்கு ஓர் அட்டவணை வைத்திருக்கும். கடைசி வார்த்தை அதுதான்.

மணி நேரம் மட்டும் பொருந்தினால் போதாது. பாடத்தின் உள்ளடக்கமும் பொருந்த வேண்டும். மலேசியத் தகுதி முகமையின் பொதுவான கிரெடிட் மாற்ற வழிகாட்டியில் 80 விழுக்காடு ஒத்துப்போக வேண்டும் என்று இருக்கிறது. பாடத்தின் பெயர் ஒன்றாக இருந்துவிட்டால் போதும் என்று நம்பிவிடக் கூடாது. இரண்டு பாடத்திட்டங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வாரத்துக்கு வாரம் என்ன சொல்லித்தருகிறார்கள் என்று ஒப்பிட்டு, துறை விரிவுரையாளரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். இதைத்தான் பாட ஒப்பந்தம் என்கிறார்கள். கட்டாயப் பாடங்களுக்கு ஈடு கிடைப்பது சிரமம். விருப்பப் பாடங்களுக்குச் சுலபம். ஆகவே முதல் வருடத்திலிருந்தே சில விருப்பப் பாடங்களை எடுக்காமல் சேர்த்து வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

இன்னொரு கேள்வியையும் மறக்கக் கூடாது. அங்கே வாங்கும் கிரேடு, சிஜிபிஏ கணக்கில் சேருமா, அல்லது தேர்ச்சி என்று மட்டும் பதிவாகுமா? பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் இது மாறும். 3.7-ஐக் காப்பாற்றிக்கொள்ளப் பாடுபடும் பிள்ளைக்கு இந்தப் பதில் மிக முக்கியம்.

அங்கே போன பிறகு பாடம் மாறுவதும் நடக்கும். நீங்கள் தேர்ந்தெடுத்த பாடம் அந்தச் செமஸ்டரில் நடக்காது, அல்லது ஆங்கிலத்தில் இருக்காது, அல்லது இடம் நிரம்பியிருக்கும். அப்போது புதிய பாடத்துக்கு உடனே இங்கிருந்து மின்னஞ்சலில் ஒப்புதல் வாங்கி, அந்தக் கடிதத்தைப் பத்திரப்படுத்த வேண்டும். 'திரும்பி வந்து பேசிக்கலாம்' என்பது வேண்டாம்.

எங்கே போவது, எவ்வளவு ஆகும்?

பரிமாற்றம் என்றதும் பிள்ளைகளின் கண் ஐரோப்பா மீது போகிறது. போகட்டும். ஆனால் செலவு ஊருக்கு ஊர் மாறும்.

ஜெர்மனியை எடுத்துக்கொள்வோம். மாணவர் விசாவுக்கு, வாழ்க்கைச் செலவுக்குப் பணம் இருக்கிறது என்று காட்ட வேண்டும். அதற்கென ஒரு கணக்கில் பணத்தைப் போட்டு வைத்தால், அங்கே போன பிறகு மாதாமாதம் ஒரு பகுதி மட்டும் கைக்கு வரும். 2024 செப்டம்பரிலிருந்து அந்தத் தொகை மாதத்துக்கு 992 யூரோ. ஒரு யூரோவுக்கு ஐந்து வெள்ளி என்று வைத்தால், மாதம் 4,960 வெள்ளி. ஐந்து மாதத்துக்கு 24,800 வெள்ளி. செலவாகும் பணம் இதைவிடக் குறையலாம், ஆனால் முன்கூட்டியே காட்ட வேண்டிய பணம் இது. உபகாரச் சம்பளம் இருந்தால் அதையே சான்றாகக் காட்டலாம்.

எராஸ்மஸ் திட்டம் ஐரோப்பியர்களுக்கு மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். 2015 முதல் ஐரோப்பாவுக்கு வெளியே உள்ள கூட்டுப் பல்கலைக்கழகங்களின் மாணவர்களும் அதன் உதவித்தொகையோடு போக முடிகிறது. நம் பல்கலைக்கழகத்துக்கும் ஐரோப்பாவிலுள்ள ஒரு பல்கலைக்கழகத்துக்கும் இடையே அந்தத் திட்டத்தின் கீழ் ஒப்பந்தம் இருந்தால் பயணச் செலவும் மாதாந்தரப் படியும் கிடைக்கும். ஜப்பானுக்குப் பரிமாற்றத்தில் போகும் மாணவர்களில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்கு, அந்நாட்டு மாணவர் சேவை அமைப்பு மாதம் 80,000 யென் தருகிறது. இவற்றுக்கெல்லாம் மாணவர் நேரடியாக விண்ணப்பிப்பதில்லை, பல்கலைக்கழகம்தான் பெயரைப் பரிந்துரைக்கும். அதனால்தான் அனைத்துலக மாணவர் அலுவலகத்தில் உங்கள் பிள்ளையின் முகம் தெரிந்திருக்க வேண்டும்.

கையில் பணம் குறைவு என்றால் பக்கத்து நாடுகளைப் பாருங்கள். யோக்ஜகார்த்தாவிலோ சியாங் மாயிலோ ஒரு செமஸ்டர் இருப்பதற்கும் மியூனிக்கில் இருப்பதற்கும் வானத்துக்கும் பூமிக்கும் உள்ள வித்தியாசம். 'இந்தோனேசியாவா? அது வெளிநாடா?' என்று சிரிப்பவர்கள் இருப்பார்கள். போய்ப் பார்த்தவர்கள் சிரிப்பதில்லை. மலாய் தெரியும் என்ற தைரியத்தில் இறங்கும் நம் பிள்ளைக்கு, முதல் நாளே பாடம் ஆரம்பித்துவிடும். நமக்கு விஷம் என்று தெரிந்த 'பிசா', அங்கே 'முடியும்' என்று பொருள்படும். நாம் சின்னப் பிள்ளையைச் சொல்லும் 'பூடாக்' அங்கே அடிமையைக் குறிக்கும். தெரிந்த மொழியிலேயே மறுபடி கவனமாகப் பேசக் கற்றுக்கொள்வதைவிட ஊடகத்துறை மாணவருக்கு வேறென்ன பயிற்சி வேண்டும்? வானொலியில் ஒலிவாங்கிக்கு முன் உட்காரும் எங்களுக்கு அதன் அருமை தெரியும்.

தீபாவளிக்கு வர முடியாது

தேதிகளையும் பார்க்க வேண்டும். ஜெர்மனியில் குளிர்காலச் செமஸ்டரின் வகுப்புகள் அக்டோபர் நடுவில் தொடங்கிப் பிப்ரவரி வரை போகும். அந்தச் செமஸ்டரில் போகும் பிள்ளை தீபாவளியையும் பொங்கலையும் தைப்பூசத்தையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தவறவிடும். ஏப்ரலில் தொடங்கும் கோடைக்காலச் செமஸ்டர் என்றால் சித்திரைப் புத்தாண்டு ஒன்றுதான். வெயிலும் இருக்கும். வீட்டு நினைப்பு அதிகம் உள்ள பிள்ளைக்கு இந்த வித்தியாசம் பெரிது.

தென்கொரியாவில் மார்ச்சிலும் செப்டம்பரிலும் செமஸ்டர் தொடங்குகிறது. ஜப்பானில் வசந்தச் செமஸ்டர் ஏப்ரலில். இங்கே தேர்வு முடிவதற்குள் அங்கே வகுப்பு ஆரம்பித்துவிடுமா, அங்கே முடிவதற்குள் இங்கே அடுத்த செமஸ்டர் தொடங்கிவிடுமா என்பதை நாள்காட்டியை வைத்துப் பாருங்கள். கடைசிச் செமஸ்டரில் போக வேண்டாம். அங்கிருந்து மதிப்பெண் பட்டியல் வரத் தாமதமானால் பட்டமளிப்பு தள்ளிப் போகும். இறுதியாண்டு ஆய்வும் தொழிற்பயிற்சியும் வேறு காத்திருக்கும். இரண்டாம் ஆண்டின் இறுதியோ மூன்றாம் ஆண்டின் தொடக்கமோ நல்ல நேரம். அப்படியானால் விசாரிக்க வேண்டியது முதல் ஆண்டிலேயே. பெரும்பாலும் சிஜிபிஏ 3.0 அல்லது அதற்கு மேல் கேட்பார்கள் என்பதால், முதல் ஆண்டு மதிப்பெண்தான் டிக்கெட்.

விசா விஷயத்தில் ஒரு குழப்பம் அடிக்கடி வருகிறது. மலேசியக் கடப்பிதழுக்கு ஐரோப்பாவில் 90 நாள் வரை விசா தேவையில்லை என்பது சுற்றுலாவுக்கு. ஒரு செமஸ்டர் அதைத் தாண்டிவிடும், ஆகவே மாணவர் விசா வேண்டும். ஜப்பானுக்கு, அங்குள்ள பல்கலைக்கழகம் ஏற்பாடு செய்யும் தகுதிச் சான்றிதழ் முதலில் வர வேண்டும். அதன் பிறகே தூதரகத்துக்குப் போக முடியும். இவற்றுக்கெல்லாம் வாரக்கணக்கில் அல்ல, மாதக்கணக்கில் நேரம் ஒதுக்குங்கள்.

பெண் பிள்ளையை அனுப்பலாமா?

மகன் என்றால் "பார்த்துப் போய் வா" என்பவர்களும் மகள் என்றால் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கத்தைக் கேலி செய்ய மாட்டேன். பெற்ற வயிறு அது. ஆனால் தயக்கத்தைக் கேள்விகளாக மாற்றலாம். தங்குமிடம் பல்கலைக்கழக விடுதியா, வெளியே வாடகை அறையா? விடுதி என்றால் எழுத்தில் உறுதி வந்துவிட்டதா? விமான நிலையத்தில் யாராவது வந்து அழைத்துப் போவார்களா? உடம்புக்கு முடியாமல் போனால் காப்புறுதி எந்த மருத்துவமனைக்குச் செல்லும்? இரவு வகுப்பு உண்டா? இதே பல்கலைக்கழகத்துக்குப் போன வருடம் போய்வந்த மாணவி யார், அவரிடம் பேச முடியுமா?

கடைசிக் கேள்விதான் மிக முக்கியம். போய்வந்த ஒரு பெண் பிள்ளையோடு அம்மா பத்து நிமிடம் தொலைபேசியில் பேசினால், எந்த விளக்கக் கூட்டமும் தர முடியாத தெளிவு கிடைக்கும். அனைத்துலக மாணவர் அலுவலகத்தைக் கேட்டால் பெரும்பாலும் தொடர்புபடுத்திவிடுவார்கள்.

புறப்படுவதற்கு முன் விஸ்மா புத்ராவின் இ-கொன்சுலார் தளத்தில் பிள்ளையின் பெயரையும் முகவரியையும் பதிந்துவிடுங்கள். அந்த நாட்டில் ஏதேனும் அசம்பாவிதம் நடந்தால், நம் தூதரகம் தேடுவது அந்தப் பட்டியலை வைத்துத்தான். லண்டன், கெய்ரோ, ஜகார்த்தா போன்ற இடங்களில் 'எஜுகேஷன் மலேசியா' அலுவலகங்களும் இருக்கின்றன. மாணவர்களைக் கவனிப்பதே அவற்றின் வேலை.

சாப்பாடு பற்றியும் சொல்லிவிடுகிறேன். மிளகாய்த்தூள், சாம்பார்ப் பொடி, மஞ்சள் எல்லாம் போகும். இறைச்சியும் பால் பொருள்களும் கலந்தவற்றை ஐரோப்பாவுக்குள் கொண்டுபோக அனுமதி இல்லை. ஜப்பானுக்கும் இறைச்சி போகாது. ஆட்டிறைச்சிப் பிரட்டலை வறட்டிக் கட்டிக்கொடுக்கும் அம்மாக்கள் மன்னிக்கவும். அதற்குப் பதிலாக, போவதற்கு முந்தைய மாதம் பிள்ளையை அடுப்படியில் நிறுத்தி, பருப்பும் ரசமும் ஒரு குழம்பும் வைக்கச் சொல்லித்தாருங்கள். மகனுக்கும்தான்.

'நீ இந்தியாவா?'

இவ்வளவு சிரமப்பட்டுப் போவதால் என்ன கிடைக்கும்? வேலை நேர்காணலில் சொல்லிக்கொள்ளலாம் என்பார்கள். உண்மைதான். ஆனால் அதைவிடப் பெரிய ஒன்று இருக்கிறது.

வெளிநாட்டு வகுப்பறையில் நம் பிள்ளையிடம் முதலில் கேட்கப்படும் கேள்வி, "நீ இந்தியாவா?" என்பதுதான். "இல்லை, மலேசியா." "ஆனால் இந்தியர் மாதிரி இருக்கிறாயே? வீட்டில் என்ன மொழி?" "தமிழ்." "அப்படியானால் எப்படி மலேசியா?" இந்த நாலாவது கேள்வியில் நம் பிள்ளைகளில் பலர் நின்றுவிடுகிறார்கள். கொள்ளுத் தாத்தா எந்த ஊரிலிருந்து வந்தார், எந்த ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டினார், தோட்டத்தை விட்டுக் குடும்பம் எப்போது பட்டணத்துக்கு வந்தது என்பது தெரியாது. செங்கல் சூளைகள் இருந்ததால்தான் பிரிக்பீல்ட்ஸுக்கு அந்தப் பெயர், ரயில்வேயில் வேலை செய்ய வந்த தமிழர்கள் குடியேறிய இடம் அது என்பது, அங்கே வாரா வாரம் வாழையிலைச் சாப்பாடு சாப்பிடும் பிள்ளைக்கே தெரிந்திருக்காது. கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் தீபாவளிக்குத் துணி எடுத்ததெல்லாம் ஞாபகம் இருக்கும். அந்தக் கடைகள் எப்படி வந்தன என்பது தெரியாது.

தூர தேசத்தில் ஒருவர் கேட்ட பிறகுதான் வாட்ஸ்அப்பில் பாட்டிக்கு அழைப்பு வரும்: "பாட்டி, தாத்தா எந்த எஸ்டேட்டுல இருந்தாரு?" எத்தனை வருடமாகப் பாட்டி சொல்லக் காத்திருந்த கதை அது! ஐந்து மாதம் வெளியே இருந்துவிட்டு வரும் பிள்ளை, சொந்த ஊரைப் பற்றி அதிகம் தெரிந்துகொண்டு வருவது இப்படித்தான்.

நம் சமூகத்துக்கு இந்த வழி முற்றிலும் புதிதும் அல்ல. 1952 முதல் 1962 வரை, இங்கிலாந்தின் லிவர்பூல் நகருக்கு அருகே கெர்க்பி என்ற இடத்தில் மலாயா ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி நடந்தது. போர்க்காலத்தில் ஆயுதத் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் தங்கிய விடுதிக் கட்டடங்கள் அவை. மலாய், சீன, இந்திய இளைஞர்களும் இளம்பெண்களும் ஒன்றாக இரண்டு வருடம் தங்கிப் படித்தார்கள். இன்றைய அளவு தொடர்பு வசதி இல்லாத காலம், கடிதம்தான். அந்தக் காலத்திலேயே மகளைக் கப்பலேற்றிய பெற்றோர் நம்மிடையே இருந்தார்கள். படித்து முடித்துத் திரும்பியவர்கள் நாடெங்கும் பள்ளிக்கூடங்களில் பாடம் நடத்தினார்கள். 'கெர்க்பி ஆசிரியர்' என்றால் ஒரு மதிப்பு இருந்தது.

போக முடியாவிட்டால்?

சில வீடுகளில் அப்பாவின் உடல்நிலையோ, தம்பி தங்கைகளின் படிப்போ, பகுதிநேர வேலையை விட முடியாத நிலையோ, இந்த முறை போக முடியாதபடி செய்துவிடும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பரிமாற்றம் இருவழிப் பாதை என்று சொன்னேன் அல்லவா? உங்கள் பல்கலைக்கழகத்துக்கும் ஒவ்வொரு செமஸ்டரும் வெளிநாட்டு மாணவர்கள் வருகிறார்கள். அவர்களுக்குத் துணையாக உள்ளூர் மாணவர் ஒருவரைச் சேர்த்துவிடும் திட்டம் பல பல்கலைக்கழகங்களில் உண்டு. பெயர் கொடுங்கள். விமான நிலையத்திலிருந்து அழைத்து வாருங்கள். பத்துமலைக்குக் கூட்டிப் போங்கள். தீபாவளிக்கு வீட்டுக்கு அழையுங்கள். தம் நாட்டுக்குத் திரும்பிய பிறகும் அந்த நட்பு தொடரும். பின்னொரு நாள் முதுகலைப் படிப்புக்கு உங்கள் பிள்ளை அங்கே போகும்போது கதவைத் திறக்க ஒருவர் இருப்பார்.

போக நினைப்பவர்கள் இந்த வாரமே செய்ய வேண்டியது ஒன்று. பல்கலைக்கழகத்தின் அனைத்துலக மாணவர் அலுவலகத்துக்குப் போய், ஐந்து கேள்விகளைக் கேட்டுப் பதிலை எழுதி வாங்கி வாருங்கள். என் துறைக்கு எந்தெந்தப் பல்கலைக்கழகங்களோடு கட்டண விலக்கு ஒப்பந்தம் இருக்கிறது? அவற்றில் எதற்கு உதவித்தொகை உண்டு? விண்ணப்பத் தேதி எப்போது? எத்தனை கிரெடிட் மாற்றிக்கொள்ளலாம், கிரேடு சேருமா? பி.டி.பி.டி.என். கடனோ உபகாரச் சம்பளமோ அந்தச் செமஸ்டரில் எப்படிக் கணக்கிடப்படும்?

பதில்கள் உள்ள அந்தத் தாளை வீட்டுக் கூடத்தில் மேசை மீது வையுங்கள். பெற்றோரிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அந்தத் தாளை முழுதாகப் படித்துவிட்டு, பிறகு முடிவைச் சொல்லுங்கள். சாலாக் செலாத்தான் ரயில் நிலையத்திலிருந்து ஒரே ஒரு நிறுத்தம் தள்ளி பண்டார் தாசேக் செலாத்தான். விமான நிலைய ரயில் அங்கேதான் நின்று போகிறது. நம் வீட்டுப் பிள்ளைகளும் அதில் ஏறலாம்.